பதில் வராத பதினொரு பேர்

உயிரோடு இருக்கிற ஒரு பெண்மணி என் எதிரில் உட்கார்ந்து, தான் இல்லை என்பதற்கு முத்திரை குத்திய காகிதத்தைக் காட்டியது அன்றுதான் முதல் தடவை.

காலை ஏழரை மணி. கள்ளக்குறிச்சி கடைவீதியில் சாதுல்லா துணிக்கடையின் மாடி. அவர் மகள் சப்ரின் அங்கேதான் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். பெங்களூரில் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கண்காணிக்கிற உத்தியோகத்தில் ஒன்பது வருஷம் இருந்தவர். மனுஷர்கள் அதைவிட ஜாஸ்தியாகப் பொய் சொல்வார்கள் என்று கண்டுபிடித்து ஊருக்கே திரும்பிவிட்டார். நான் மாயவன். கல்வராயன் மலையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவன். இப்போது இவருக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்படாத யோசனைகளை வழங்குகிறவன்.

காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தேன்.

"'பணியாளர் எண் 217 குஞ்சம்மாள் அவர்களுக்கு. மேற்படி எண்ணில் எவரும் இலர் என வருகைக் கருவி பதினான்கு நாட்கள் தெரிவித்திருப்பதால், தாங்கள் பணியில் இல்லை என்று கொள்ளப்படுகிறது.' ஏம்மா, இல்லாத ஆளுக்கு எதுக்கு 'தாங்கள்' போட்டு மரியாத?"

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நன்மலை அறக்கட்டளை என்று ஒன்று அங்கே நானூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி நடத்துகிறது. அதில் சமையல் வேலை.

"எட்டு வருசமா சோறு ஆக்கறங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னால வாசல்ல ஒரு மிஷின வச்சாங்க. காலையில நம்பர அமுக்கணும். பச்ச எரிஞ்சா உள்ள போவலாம். எனக்குப் போன மாசத்துல இருந்து செவப்புதான் எரியுது. மொத்தம் பதினோரு பேருக்கு இப்படி ஆயிடிச்சிங்க."

"இதை முடிவு பண்ற கமிட்டி எப்போ கூடுது?" என்றார் சப்ரின்.

"இன்னிக்கி நாலு மணிக்குங்க. அதுல தீர்மானம் போட்டுட்டா அவ்ளோதான். எம் பொண்ணு ராதிகா அங்கியே தங்கி பன்னண்டாவது படிக்குது. இங்க வேல செய்யறவங்க புள்ளைன்னுதான் எடம் குடுத்தாங்க. தீர்மானம் போட்ட அன்னிக்கே அதுவும் வெளிய வரணுமாம். எங்க ஊர்ல இருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரமாங்க அது?" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் சட்டையைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினால் விஷயம் முடிந்தது என்று யோசனை சொன்னேன். வழக்கம்போல அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

"ஒன்னு மட்டும் சொல்லுங்கம்மா. நம்பர அமுக்கினதும் ஒடனே செவப்பு எரியுதா, கொஞ்ச நேரம் கழிச்சி எரியுதா?"

"மூணு மூச்சு உடற நேரம் சும்மா நிக்குங்க. அப்பறம்தான் எரியும்."

சப்ரின் எழுந்து கார் சாவிக்குப் பதில் ஜீப் சாவியை எடுத்து என்னிடம் எறிந்தார்.

"மாயவண்ணா, மலைக்குப் போலாம். மிஷின் யோசிக்கல. எதுக்கோ காத்துக்கினு இருக்குது."

*

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஏற்றினேன். பின்சீட்டில் குஞ்சம்மாள் கம்பியைப் பிடித்தபடி அறக்கட்டளையின் வரலாற்றைச் சொன்னார். தலைவர் பெயர் செழியன். பட்டம் 'மலைச் செம்மல்'. யார் கொடுத்த பட்டம் என்று கேட்டேன். அவரே ஒரு விழா வைத்து, அவரே மாலை வாங்கி, அவரே வியந்துபோய் ஏற்றுக்கொண்டாராம். மலையில் விடுதி தொடங்கி எட்டு வருஷத்தில் இரண்டு முறை மலைக்கு வந்திருக்கிறார். இரண்டு முறையும் போட்டோ எடுத்தவுடன் இறங்கிவிட்டார். நிர்வாகம் முழுக்க மேனேஜர் தமிழழகன் கையில்.

"ஆளுங்க பட்டியல் எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"கள்ளக்குறிச்சி ஆபீஸ் சர்வர்ல இருக்கும்" என்றார் சப்ரின். "பேரு, நம்பர், எல்லாம் அடுக்கி வச்ச ஒரு பெரிய விலாசப் புத்தகம் மாதிரி. மலையில இருக்கற மிஷின் அதுகிட்ட கேக்கும்: 217ன்னு யாராவது இருக்காங்களா?"

"போன் போட்டா?"

"போன் போட்டா நல்லதாச்சே. அந்தப் பக்கம் எடுத்து, ஹலோ சொல்லி, நான் சொன்னது கேட்டுச்சான்னு உறுதி பண்ணும். இது அப்படி இல்ல. கேள்விய ஒரு சின்ன சீட்டுல எழுதி காத்துல உட்டுடும். போய்ச் சேந்துச்சான்னு பாக்காது. பதிலும் அதே மாதிரி ஒத்த சீட்டாத்தான் வரும். வந்தா வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா? செல்போன் எட்டாத ஊர்களில் இருபது வருஷமாக நான் செய்த வேலை இதுதான். காலை பஸ் டிரைவரிடமோ என்னிடமோ சீட்டு கொடுப்பார்கள். 'பம்பு செட்டு சரியாகிவிட்டதா?' என்று கள்ளக்குறிச்சி கடைக்குக் கேள்வி. பதில் சாயந்திர வண்டியில் வரும். வராமலும் போகும். சீட்டு என் பாக்கெட்டிலேயே துவைக்கப் போயிருக்கலாம். கடைக்காரர் எழுதிய பதில் அடுத்த வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடக்கலாம். பதில் வராவிட்டால் மறுநாள் காலை அதே கேள்வியை எழுதி இன்னொரு சீட்டு கொடுப்பார்கள். கடைக்காரன் செத்துவிட்டான் என்று மலையில் ஒருவரும் முடிவு கட்டியதில்லை என்றேன்.

"அந்த முடிவைக் கட்டறதுக்குத்தான் ஆபீஸ்னு ஒன்னு வேணும்ணா" என்றார் சப்ரின்.

*

வெள்ளிமலை விடுதிக் காப்பாளர் பெரியநாயகி வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவருடைய துக்கம்.

"பதினோரு பேருக்குப் பதிலா புதுசா ஆளு அனுப்பியிருக்காங்க மேடம். நேத்து வடிச்ச சோத்துல நோட்டீஸ் ஒட்டலாம். புள்ளைங்க தட்டக் கவுத்தாலும் கீழ உழ மாட்டேங்குது. நீங்க எதை வேணா சோதிச்சிக்கோங்க. குஞ்சம்மாவ மட்டும் குடுத்துட்டுப் போங்க."

வருகைக் கருவி சுவரில் இருந்தது. மேலே மலைச் செம்மலின் சிரித்த முகம் ஒட்டப்பட்டிருந்தது. சப்ரின் முதலில் 999 என்று அடித்தார். அப்படி ஓர் ஆள் கிடையாது. கண் இமைப்பதற்குள் சிவப்பு. திரையில் செந்தமிழில் ஒரு வரி: 'இப்பெயரில் எவரும் இலர்.'

அடுத்து 217. கருவி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சிவப்பு. அதே வரி.

"பாத்தீங்களா? 999க்கு வந்தது பதில். அந்தப் பக்கம் புத்தகத்தைப் பொரட்டிப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிடிச்சி. 217க்குப் பதிலே வரல. மூணு செகண்டு காத்துட்டு மிஷினே 'இலர்'னு எழுதிக்கிச்சி. ரெண்டுக்கும் ஒரே செவப்பு, ஒரே வாக்கியம்."

"தெரியாதுன்னு சொல்ல வெக்கம். அதனால இல்லன்னு சொல்லிடுது" என்றேன். "தாசில்தார் ஆபீஸ்ல வளந்திருக்கும்."

குஞ்சம்மாளுக்கு மூச்சு வந்தது. "அப்போ எம் பேரு அங்க இருக்குதாங்க?"

"இருக்கணும். ஆனா ஒரு சிக்கல் இருக்குதும்மா. காத்து, பனி, டவர் ஆடுறது, எல்லாத்துலயும் சீட்டு தொலையும். தொலைஞ்சா இன்னிக்கி ஒருத்தருக்கு, நாளைக்கி வேற ஒருத்தருக்குன்னு தொலையணும். தெனம் அதே பதினோரு பேருக்கு மட்டும் எப்படித் தொலையும்? காத்துக்குப் பேரு படிக்கத் தெரியுமா?"

பெரியநாயகி அனுமதி கொடுக்க, சப்ரின் லேப்டாப்பைக் கருவியின் கம்பியில் செருகினார். பச்சை எரிகிற வேறொரு ஆயாம்மாவின் எண்ணைக் கேட்டு நாற்பது சீட்டு அனுப்பினார். முப்பத்தேழு பதில் வந்தது. 217ஐக் கேட்டு நாற்பது அனுப்பினார். ஒன்றுகூட வரவில்லை. நான் முனியப்பனுக்கு வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மூன்றாவதாக நாற்பது அனுப்பினார். முப்பத்தாறு வந்தது.

"இப்ப யாரைக் கேட்டீங்க?"

"இதே குஞ்சம்மாவத்தான். முன்னாடி 217 பத்தி எல்லாத்தையும் குடுன்னு கேட்டேன். மிஷின் அப்படித்தான் கேக்குது. இப்போ, எல்லாம் வாணாம், பேரு மட்டும் போதும்னு கேட்டேன்." திரையைத் திருப்பினார். குஞ்சம்மாள், 217, சமையலர், வெள்ளிமலை. முப்பத்தாறு தடவை.

குஞ்சம்மாள் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

கம்மியாகக் கேட்டால் வருகிறது, ஜாஸ்தியாகக் கேட்டால் வரவில்லை. இதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு உடனே கரியாலூர் பீரோ ஞாபகம் வந்தது.

"மேடம், ஒருத்தர் எங்கிட்ட சீட்டு குடுத்தாரு, 'இரும்பு பீரோ இருக்கா'ன்னு கேட்டு. கடைக்காரன் 'இருக்கு'ன்னு எழுதி அனுப்ப வேண்டியதுதான? அவன் பீரோவையே கழட்டி அனுப்பிட்டான். ஒரு பஸ்ல முதுகு, ஒரு ஜீப்புல தட்டு, இன்னொரு பஸ்ல கதவு. எல்லாம் வந்துச்சி, ஒரு கதவு மட்டும் வரல. கதவில்லாத பீரோவ வச்சி இன்னா பண்றது? மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டு, பீரோவே வரலன்னு சொல்லிட்டாரு."

சப்ரின் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"அதேதாண்ணா. பதில் பெருசா இருந்தா நாப்பது துண்டா வெட்டி அனுப்பும். ஒத்த துண்டு வழியில உழுந்தாலும் மீதி முப்பத்தொம்பதையும் மிஷின் தூக்கிப் போட்டுடும். திரும்பக் கேக்காது. இந்தப் பதினோரு பேரு பதில்ல மட்டும் யாரோ பீரோவ வச்சிருக்காங்க. இன்னா பீரோ அது?"

பதிலைப் பெரியநாயகி சொன்னார். முதலில் விரல் நீட்டினார். சமையற்கூடச் சுவர் முழுக்க ஒரு ஃபிளெக்ஸ். 'மலைச் செம்மல் வழங்கும் சிறந்த பணியாளர் விருது.' நடுவில் ஆள் உயரத்துக்குத் தலைவர். அவர் தோள் ஓரங்களில், சால்வை போர்த்திய பெண்கள் எலுமிச்சம்பழ அளவில்.

"போன மாசம் பத்தாம் தேதி கூட்டிட்டுப் போயி குடுத்தாங்க. விருது வாங்கினவங்க நம்பர அமுக்கினா, தலைவர்கூட எடுத்த போட்டோ மிஷின் திரையில பளிச்சின்னு வரணும்னு ஐயாவோட ஆச. அதுக்காவ ஒவ்வொருத்தர் பேருக்கும் பெரிய படமா சேத்துட்டாங்க."

எட்டு வருஷம் ஒழுங்காக உழைத்ததற்குப் பரிசு. தலைவரின் முகம் மலை ஏற முடியாமல் வழியில் உருண்டு விழ, அந்த முகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெண்களும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறார்கள். சோம்பேறிகளுக்கெல்லாம் பச்சை விளக்கு.

"கேஸ் முடிஞ்சிது. வண்டிய எடுக்கட்டுமா?"

சப்ரின் ஃபிளெக்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போர்டுல எத்தினி பேருண்ணா?"

எண்ணினேன். "பன்னண்டு."

"வேல போனது?"

"பதினொன்னு."

மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்தார். இரண்டு நிமிஷம் தட்டினார். எதையோ படித்தார். என்ன என்று கேட்டேன்.

"இந்த சர்வர் கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. கேக்கறது யாருன்னு கேக்க மாட்டேங்குது. அவ்ளோ நல்ல மனசு. வண்டிய எடுங்க."

*

நாலு மணிக்கு அறக்கட்டளையின் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் கமிட்டி கூடியது. நீளமான மேஜை. ஐந்து உறுப்பினர்கள், ஐந்து தட்டு மிக்சர். தலைமை நாற்காலியில் மலைச் செம்மல் செழியன். பக்கத்தில், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் மேனேஜர் தமிழழகன். குஞ்சம்மாளுக்கு நாற்காலி போடப்படவில்லை. என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு தட்டு மிக்சரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சப்ரின் பீரோக் கதை உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். தமிழழகன் எதிர்க்கவே இல்லை. கை தட்டினார்.

"ரொம்ப அருமைங்க மேடம். எங்களுக்கே தெரியாத ஒரு தொழில்நுட்பக் கோளாறக் கண்டுபிடிச்சிருக்கீங்க. இன்னிக்கே சரி பண்ணிடறோம். இதுல யாரு மேலயும் தப்பு இல்ல. ஆனா பாருங்க, விதின்னு ஒன்னு இருக்கு. பதினாலு நாள் 'இலர்'னு வந்தா பணியில இல்லன்னு இந்தக் கமிட்டியே போட்ட விதி. அந்த எடத்துக்குப் புது ஆளும் சேத்தாச்சி. அவங்களும் ஏழைங்கதான?"

தலைவர் தலையாட்டினார். "பாவம்தான். ஆனா விதியை மீற முடியாதே."

ஐந்து தலைகளும் ஆடின. குஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். நான் மிக்சரைப் பார்த்தேன். குற்றவாளியே இல்லாத குற்றத்தில் நாம் எங்கே போய் முட்டுவது?

"யாருக்குமே தெரியாதுங்களா சார்?" என்றார் சப்ரின்.

"சத்தியமா தெரியாதுங்க."

"விருது வாங்கினது பன்னண்டு பேரு. பன்னண்டு பேருக்கும் ஒரே படம். பதினோரு பேரு காணாம போனாங்க. ஸ்டோர் பாக்கற ஷாலினி மட்டும் போகல. அவங்களுக்குத் தெனம் பச்சதான். ஏன்?"

"அதிர்ஷ்டமா இருக்கும்."

"அவங்களுக்கும் முதல் ரெண்டு நாள் செவப்புதான்னு மிஷின் பதிவுல இருக்குது. மூணாவது நாள் பட்டியல்ல அவங்க பேருல இருந்து மட்டும் அந்தப் படத்தை எடுத்துட்டாங்க. சர்வர்ல ஒவ்வொரு பேர்லயும் கடைசியா யார் கை வச்சதுன்னு ஒரு வரி இருக்கும். குட்டி வரி, மலை வரைக்கும் தாராளமா வந்து சேந்துது. பதிமூணாம் தேதி, காலையில பதினொன்னு இருபது. கை வச்சவர் பேரு தமிழழகன்." அச்சடித்த தாளை மேஜையில் வைத்தார். "படம்தான் காரணம்னு பதிமூணாம் தேதியே உங்களுக்குத் தெரியும். ஒருத்தரக் காப்பாத்தினீங்க. பதினோரு பேரக் காத்துல உட்டீங்க."

"ஷாலினி அவரோட மச்சினிங்க" என்றார் குஞ்சம்மாள், சாதாரணமாக. "புதுசா வந்ததுல ஒம்போது பேரு அவரு மாமனார் ஊருங்க. மலையில எல்லாருக்கும் தெரியும்."

தமிழழகனின் சட்டை அப்போதும் கலையவில்லை. முகம்தான் கலைந்தது. "ஐயா, அவ்ளோ பெரிய படத்தைப் போடச் சொன்னது நீங்கதான" என்றார்.

மலைச் செம்மல் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அது... நிர்வாக விஷயம். தம்பிகிட்ட விளக்கம் கேட்டு பதினஞ்சு நாள் டைம் குடுத்து நோட்டீஸ் விடுவோம். ஆனா விதி விதிதான். பதினோரு பேரும் புதுசா மனு போடட்டும். பரிசீலிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரைத் தொலைத்தவருக்குப் பதினைந்து நாள் அவகாசம். தொலைந்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் சப்ரின் என் காலை மிதித்தார்.

"விதி பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும்தானங்க ஐயா?"

"எல்லாருக்கும். எனக்கும்தான்" என்றார் தலைவர், கம்பீரமாக.

சப்ரின் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "பெரியநாயகி மேடம், மிஷின்ல ஒன்னாம் நம்பர அமுக்குங்க."

தலைவரின் எண் ஒன்று. அவர் பெயரோடு எத்தனை விழாப் படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று.

"செவப்புங்க" என்றது மலை. "'இப்பெயரில் எவரும் இலர்'னு வருது. திரும்ப அமுக்கறேன்... இலர்ங்க. இன்னொரு தடவ பாக்கறேன்... இலர்ங்க மேடம். யாருங்க அது, போன ஆளா?"

ஓர் உறுப்பினருக்குப் புரை ஏறியது. இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிக அக்கறையாகப் பார்த்தார்.

"பதினாலு நாள் கணக்கு இன்னிக்கே ஆரம்பிச்சிடலாங்களா ஐயா?" என்று கேட்டேன். சப்ரின் இந்த முறை மிதிக்கவில்லை.

தீர்மானப் புத்தகத்தில் ஐந்து கையெழுத்தும் விழ நாலு நிமிஷம் ஆனது. பதினொரு பேரும் நாளைக் காலையிலிருந்து வேலையில். ராதிகா விடுதியிலேயே இருந்து படிப்பாள். ஆணைத் தாளைக் குஞ்சம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டித் தன் பெயர் வருகிற இடம் வரை படித்தார். அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டார்.

அந்த அழுகையைத் தலைவர் தனக்கான நன்றி என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"அழக்கூடாதும்மா. மீண்டு வந்த பதினோரு பேருக்கும் அடுத்த வாரமே நம்ம கையால ஒரு பாராட்டு விழா. சால்வை, போட்டோ, பெரிய ஃபிளெக்ஸ், எல்லாம் வச்சிடுவோம்."

குஞ்சம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. ஆணைத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எங்களப் பாராட்டாதீங்க."